கடையை மூடினான் – கண்ணையும் மூடினார்கள்!

தோழரே!

கடை ஒன்று மூடப்படுகிறது. முதலாளிக்கு முதுமை வந்திருக்கலாம். கடன் கழுத்தை நெரித்திருக்கலாம். மகன் வேறு தொழிலை நாடிப் போயிருக்கலாம். உரிமத்தை அரசே பறித்திருக்கலாம். காரணம் எதுவாயினும் காட்சி ஒன்றுதான். பெயர்ப்பலகை இறங்குகிறது. எஞ்சிய சரக்கு வந்த விலைக்குப் போகிறது. அலமாரி ஒருவனுக்கு, இரும்புப் பெட்டி இன்னொருவனுக்கு. கடைசியாகக் கதவைச் சாத்தும்போது மூலையிலே கேட்பாரற்றுக் கிடப்பது எது? கணக்குப் பேரேடு!

மளிகைக் கடைப் பேரேடு என்றால் பொட்டலம் மடிக்க உதவும். துணிக்கடைப் பேரேடு என்றால் கரையான் பசியாறும். யாருக்கும் நட்டமில்லை. ஆனால், மூடப்பட்டது துப்பாக்கிக் கடையாக இருந்தால்?

எண்ணிப் பாருங்கள் தோழரே! கடை வாயை மூடிவிட்டது. அது விற்ற துப்பாக்கி வாயை மூடவில்லை! விற்றவன் செத்த பிறகும் சுடும். வாங்கியவன் செத்த பிறகும் சுடும். இரும்புக்கு ஆயுள் அதிகம். அந்த இரும்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, மூலையிலே கிடக்கும் அந்தப் பேரேடுதான். அந்தச் சாட்சியை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாடு ஒரு விடை கண்டிருக்கிறது. உலகின் பெரும் பணக்கார நாடு. திங்களிலே கால் பதித்த நாடு. பேரறிஞர்களும் பெருங்கணிப்பொறிகளும் நிறைந்த நாடு. அது கண்ட விடையைக் கேட்டால், சிரிப்பதா அழுவதா என்று நமக்கே தெரியாது. “பேரேட்டை எங்களிடம் கொடு” என்கிறது சட்டத்தின் ஒரு கை. “கொடுத்ததைத் தேடிப் படிக்காதே” என்கிறது அதே சட்டத்தின் மறு கை!

ஏதோ கடல் கடந்த நாட்டுக் கதை, நமக்கென்ன என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நல்ல சட்டத்தைக் கொல்லாமலே குருடாக்குவது எப்படி என்ற பாடம் இந்தக் கதையிலே இருக்கிறது. பொதுவாழ்விலே ஈடுபட்ட எவரும் படித்துத் தீரவேண்டிய பாடம் அது.

முதலில், அந்தச் சட்டம் ஏன் பிறந்தது என்று பார்ப்போம்.

1963, நவம்பர் 22. டல்லாஸ் நகரத் தெருவிலே அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பாடப்புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியிலே துப்பாக்கி ஒன்று கிடைத்தது. இத்தாலி நாட்டுப் பழைய இராணுவத் துப்பாக்கி. அதன் மேலே ஓர் எண்: சி 2766. அந்த எண்ணைத் தவிர அந்த இரும்பு வேறெதுவும் பேசவில்லை. ஆனால், அந்த எண் போதுமானதாக இருந்தது! நியூயார்க்கிலே இருந்த இறக்குமதி நிறுவனத்தைக் கேட்டார்கள். “சிகாகோவின் கிளைன்ஸ் கடைக்கு அனுப்பினோம்” என்று பதில் வந்தது. நள்ளிரவிலே கிளைன்ஸ் கடையைத் திறக்கச் செய்தார்கள். அஞ்சல்வழி வந்த ஆர்டர்களை மைக்ரோபிலிம் சுருளிலே சேமித்து வைப்பது அந்தக் கடையின் வழக்கம். இரவெல்லாம் சுருளை ஓட்டினார்கள். பொழுது விடியுமுன் அகப்பட்டது ஆர்டர்ச் சீட்டு. ஏ.ஹைடல் என்று ஒரு பெயர். டல்லாஸ் அஞ்சல் பெட்டி முகவரி. கட்டிய தொகை 21 டாலர் 45 செண்டு. கையெழுத்து, லீ ஹார்வி ஆஸ்வால்டின் கையெழுத்து!

அந்தச் சீட்டு எந்த ஏட்டிலிருந்து கத்தரிக்கப்பட்டது தெரியுமா தோழரே? தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ என்ற இதழிலே வந்த விளம்பரத்திலிருந்து! விளம்பரம் வெளியிட்டதைக் கொலைக்குற்றம் என்று நான் கூறவில்லை. ஆனால், இந்தச் சங்கத்தின் பெயரை நினைவிலே வைத்திருங்கள். நாடகத்தின் அடுத்தடுத்த அங்கங்களிலே அது மேடைக்கு வரும்.

இப்போது கேட்கிறேன். கிளைன்ஸ் கடை அன்றிரவு இருந்தது. அதன் சுருள்களும் இருந்தன. ஒருவேளை அந்தக் கடை முந்திய மாதமே மூடப்பட்டு, சுருள்களெல்லாம் குப்பைக் கிடங்கிலே கொட்டப்பட்டிருந்தால்? நாட்டின் தலைவரைக் கொன்ற துப்பாக்கி, ஊமைத் துப்பாக்கியாகவே நின்றிருக்கும் அன்றோ!

அன்று காப்பாற்றியது சட்டமல்ல. ஒரு கடைக்காரரின் ஒழுங்கு. ஒழுங்கை நம்பி ஒரு நாடு வாழ முடியுமா? 1968 ஏப்ரலிலே மார்ட்டின் லூதர் கிங் வீழ்ந்தார். ஜூனிலே இராபர்ட் கென்னடி வீழ்ந்தார். நாடு பதறிற்று. அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலே கையெழுத்திட்டார். அஞ்சல்வழி விற்பனைக்கு முட்டுக்கட்டை விழுந்தது. துப்பாக்கி விற்பவன் மத்திய அரசின் உரிமம் பெறவேண்டும். வந்த துப்பாக்கி எது, போன துப்பாக்கி எது, வாங்கியவர் யார் என்று பதிவேட்டிலே எழுதி வைக்கவேண்டும் என்று விதி வந்தது. கடையை மூடினால்? வேறொருவர் தொடர்ந்து நடத்துவாராயின் அவரிடம் பதிவேடு போகலாம். முழுவதும் மூடிவிட்டால், 30 நாட்களுக்குள் அரசிடம் ஒப்படைக்கவேண்டும்.

நல்ல சட்டம்தானே? ஆம். ஆனால், குறைப் பிரசவம்! நாட்டிலே உள்ள துப்பாக்கிகளையெல்லாம் பதிவு செய்யவேண்டும், வைத்திருப்போர்க்கு உரிமம் வேண்டும் என்று ஜான்சன் கேட்டிருந்தார். அவை இரண்டும் நீக்கப்பட்டன. கையெழுத்திட்ட நாளிலேயே அவர் மனக்குறையை வெளிப்படையாகச் சொன்னார். தடுத்தது நாட்டு மக்களின் குரலல்ல, துப்பாக்கிக் கூட்டத்தின் குரல் என்றார். அதிபரே சொன்னார், ஆனாலும் அந்தக் குரல் ஓயவில்லை.

சட்டம் இப்போது எப்படி வேலை செய்கிறது? நான் நாடகம் எழுதுபவன். ஒரு சிறு காட்சியாகவே காட்டுகிறேன், கற்பனைக் காட்சிதான்.

(இரவு. ஒரு நகரத்துக் காவல் நிலையம். மேசை மேலே கைத்துப்பாக்கி ஒன்று. கொலை நடந்த இடத்திலே கிடைத்தது. காவல் அதிகாரி அதன் எண்ணை எழுதி, துப்புத் துலக்கும் மையத்துக்கு அனுப்புகிறார். மையத்துப் பணியாளர் தொலைபேசியை எடுக்கிறார்.)

பணியாளர்: துப்பாக்கித் தொழிற்சாலைதானே? இந்த எண் உங்களுடையதா?

தொழிற்சாலை: எங்களுடையதே. இன்ன மொத்த வியாபாரிக்கு அனுப்பினோம்.

பணியாளர்: மொத்த வியாபாரி ஐயா, நீங்கள் யாருக்கு விற்றீர்கள்?

மொத்த வியாபாரி: இன்ன ஊரில் இன்ன சில்லறைக் கடைக்கு.

பணியாளர்: சில்லறைக் கடைதானே... அலோ... அலோ...

(மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பார் இல்லை. கடை மூடி ஆண்டுகள் பலவாயின. அங்கே இப்போது முடிதிருத்தகம் நடக்கிறது. பணியாளர் தொலைபேசியை வைக்கிறார். நாற்காலியைத் திருப்புகிறார். எதிரே, கூரை முட்டும் அட்டைப் பெட்டிகள்!)

திரை விழுகிறது. கற்பனை முடிந்தது, இனி வருவது உண்மை.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலே மார்ட்டின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகிய நான்கையும் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற துறையின் துப்பாக்கித் தடம் காணும் மையம் அங்கேதான் இருக்கிறது. குற்றம் நடந்த இடத்திலே கிடைக்கும் துப்பாக்கியின் பிறப்பு வரலாற்றை நாட்டிலேயே அந்த ஒரு மையம்தான் துலக்கித் தரும். ஆண்டுக்கு 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வேண்டுகோள்கள் அங்கே வருகின்றன.

மூடிய கடைகளின் பதிவேடுகள் அங்கேதான் வந்து குவிகின்றன. எப்படி வருகின்றன என்கிறீர்கள்? அச்சிட்ட படிவமாக வருவன சில. கடைக்காரர் கோழிக் கிறுக்கலாக எழுதிய நோட்டுகள் சில. தண்ணீரிலே ஊறியவை, ஓரம் எரிந்தவை சில. 2005-இலே கத்ரீனா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, நனைந்து வந்த பதிவேடுகளை வண்டி நிறுத்துமிடத்திலே வெயிலிலே உலர்த்தினார்கள்! நெல் காயப்போடுவதைப் பார்த்திருக்கிறோம், வற்றல் காயப்போடுவதைப் பார்த்திருக்கிறோம். வல்லரசு ஒன்று வழக்குச் சாட்சியைக் காயப்போட்ட காட்சி அங்கேதான் நடந்தது. பெட்டிகளின் பாரம் தாங்காமல் தளம் இடிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. கப்பலிலே சரக்கு ஏற்றும் இரும்புக் கொள்கலன்களைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, அவற்றிலே பெட்டிகளை அடுக்கினார்கள்.

எத்தனை பதிவுகள்? 2021 நவம்பரிலே அந்தத் துறையே கொடுத்த கணக்கு: 92 கோடிக்கு மேல்! அவ்வாண்டிலே மட்டும் கையாண்டவை 5 கோடிக்கு மேல். ஏன் இத்தனை? 1990-களின் தொடக்கத்திலே அந்த நாட்டில் துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்றோர் இரண்டரை இலட்சம் அளவுக்கு இருந்தார்கள். சமையலறை மேசையிலே வைத்தே வியாபாரம் நடத்தியவர்கள் ஏராளம். 1993, 1994 ஆண்டுகளிலே உரிமக் கட்டணம் கூடிற்று. நிழற்படமும் கைரேகையும் கேட்டார்கள். உடனே, கூட்டம் கூட்டமாகக் கடையைக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிற்று. கடைகள் மறைந்தன; காகிதம் மலையாயிற்று.

“சரி, மலையானால் என்ன? படம் பிடித்துக் கணிப்பொறியிலே ஏற்றிவிட்டால், ஒரு விசையைத் தட்டினால் விடை வந்துவிடுமே” என்று கேட்கிறீர்கள். அங்கேதான் இருக்கிறது விந்தை! படம் பிடித்துத்தான் இருக்கிறார்கள். அந்த 92 கோடியிலே 86 கோடிக்கு மேல் கணிப்பொறிப் படங்களாகவே ஆகிவிட்டன. ஆனால், அவை வெறும் படங்கள். எழுத்தைத் தேடும் வசதி அந்தப் படங்களிலே வைக்கப்படவில்லை. தெரியாமல் விட்டதல்ல தோழரே, தெரிந்தே விட்டது! ஏதோ ஒரு வழியிலே வசதியோடு வந்தாலும், அதை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கிறார்கள். இன்ன உரிம எண் பெற்ற கடையின் ஏடுகள் இவை என்று அடுக்கியிருப்பார்கள், அவ்வளவே. அதற்குள்ளே துப்பாக்கியின் எண் எங்கே இருக்கிறதென்று ஒரு மனிதர் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, தம் இரு கண்ணாலே தேடவேண்டும். நூறு பக்கத்திலே கிடைக்கலாம். ஆயிரம் பக்கத்திலே கிடைக்கலாம். அதுவரை கொலைகாரன் காத்திருப்பானா?

மின்விளக்கை மாட்டிவிட்டு, விசையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தீப்பந்தத்தோடு அறைக்குள்ளே நுழைவது போன்ற ஆட்சி இது!

யார் செய்த வேலை? வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

1978. கடைக்காரர்கள் விற்பனை விவரத்தை அவ்வப்போது அனுப்பவேண்டும், பெயர் வேண்டாம், துப்பாக்கியின் எண்ணும் போன இடமும் போதும் என்று அமெரிக்கக் கருவூலத் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. தேசிய ரைபிள் சங்கம் சீறி எழுந்தது. காங்கிரசு மன்றம் – நம் ஊர்க் காங்கிரசு அல்ல, அமெரிக்கப் பாராளுமன்றம் – என்ன செய்தது தெரியுமா? விதியை வாதிட்டு வென்றதா? இல்லை. அந்தத் திட்டத்துக்கு ஆகும் செலவான 42 இலட்சம் டாலரை அந்தத் துறையின் நிதியிலிருந்து வெட்டியது! கடைக்காரர் பதிவேடுகளை ஒருங்கே திரட்ட ஒரு காசும் செலவிடக்கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலே ஒரு வால் சேர்த்தது. ஆண்டுதோறும் அந்த வால் வளர்ந்தது.

1986. துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிகளையோ உரிமையாளர்களையோ விற்பனைகளையோ பதிவு செய்யும் எந்த அமைப்பையும் விதி மூலம் ஏற்படுத்தக்கூடாது என்றது அது. கையெழுத்திட்டவர் யார்? அதிபர் ரீகன்! அவரே 1981 மார்ச் 30-ஆம் நாள் குண்டடி பட்டவர். அவரைச் சுட்ட கைத்துப்பாக்கி டல்லாசில் ஓர் அடகுக் கடையிலே வாங்கப்பட்டது என்பதைப் பதிவேட்டைக் கொண்டு நிமிடக் கணக்கிலே கண்டுபிடித்தார்கள். அருகிலே நின்ற செயலாளர் ஜேம்ஸ் பிரேடி, தலையிலே குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுவதும் முடங்கினார். தம்மைச் சுட்டவனின் தடத்தைக் காட்டிய காகிதத்தின் அருமை ரீகனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். பின்னாளிலே, 1991-இல், பதவியில் இல்லாதபோது, வாங்குவோரைச் சோதிக்கும் பிரேடி மசோதாவை ஆதரித்தும் எழுதினார். பதவியில் இருந்தபோது கையெழுத்து ஒரு பக்கம்; பதவி போன பிறகு கருத்து மறு பக்கம்!

2003. கன்சாஸ் மாநில உறுப்பினர் டியார்ட் கொண்டுவந்த திருத்தம், தடம் கண்ட விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் தரக்கூடாதென்று பூட்டுப் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த வால், சோதனையிலே தேறிய வாங்குவோரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடவேண்டும் என்றது. வேடிக்கையைப் பாருங்கள்! தடம் கேட்டால் கடைக்காரர் விடை சொல்ல வேண்டிய கெடுவும் 24 மணி நேரம். அரசு தன் காகிதத்தை அழிக்க வேண்டிய கெடுவும் 24 மணி நேரம். தேடுவதற்கு ஒரு நாள், தொலைப்பதற்கும் ஒரு நாள்!

இனி, எதிர்வாதத்தைக் கேட்போம். எதிரியின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி முழக்கம் செய்வது நம் மேடைக்கு அழகல்ல.

“பதிவேடு இன்று பட்டியலாகும், பட்டியல் நாளை பறிமுதலாகும். யாரிடம் துப்பாக்கி இருக்கிறதென்று அரசுக்குத் தெரிந்தால், கொடுங்கோலன் ஒருவன் வரும் நாளிலே வீடு வீடாக வந்து பிடுங்கிக்கொள்வான். ஆகவே, அரசின் கண் குருடாகவே இருக்கட்டும்.” இதுதான் அவர்கள் வாதம்.

இதை எள்ளி நகையாட மாட்டேன். அரசின் கோப்பிலே பெயர் ஏறுவது எத்தகைய கொடுமையாக முடியும் என்பது அறியாதவர்களா நாம்? எவன் கூட்டத்துக்குப் போகிறான், எவன் எந்த ஏட்டைப் படிக்கிறான் என்று குறிப்பெடுத்த காவலர்களை எல்லாக் காலத்து எதிர்க்கட்சித் தொண்டனும் அறிவான். அளவற்ற அதிகாரம் எவர் கையிலே இருந்தாலும் அச்சம் கொள்வது குடிமகனின் கடமை. அந்தத் துறையும் தவறே செய்யாத துறையல்ல. 2016-இலே அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் அதன் நான்கு அமைப்புகளை ஆராய்ந்தது. இரண்டிலே நிதித் தடையை மீறிய செயல் நடந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. மூடிய கடைகள் சிலவற்றின் விவரத்தைத் தனிக் கணிப்பொறி ஒன்றிலே திரட்டி வைத்திருந்ததும் அதிலே ஒன்று. அந்த அளவுக்கு எதிர்த்தரப்பின் ஐயத்திலே பொருள் உண்டு. அதே ஆய்வு, மார்ட்டின்ஸ்பர்க்கின் படக்கிடங்கு சட்டப்படியே நடக்கிறது என்றும் சொன்னது. அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

ஆனால் தோழரே, அச்சம் ஒன்று. அதைக் காட்டிச் செய்யும் அநியாயம் வேறு! இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள்.

“இன்ன மனிதனிடம் என்னென்ன துப்பாக்கி இருக்கிறது?” இது ஒரு கேள்வி. இது மனிதனிடமிருந்து இரும்புக்குப் போகிறது. இது வேவு. இதற்கு அஞ்சலாம்.

“இன்ன கொலைக்களத்திலே கிடந்த இந்தத் துப்பாக்கியை முதலில் வாங்கியவர் யார்?” இது மற்றொரு கேள்வி. இது இரும்பிலிருந்து மனிதனுக்குப் போகிறது. இது விசாரணை. குற்றம் நடந்த பிறகே இந்தக் கேள்வி பிறக்கிறது. ஒரு துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பிறக்கிறது.

முதற்கேள்வியைத் தடுக்க ஏற்கனவே சட்டத்திலே பூட்டு இருக்கிறது. மூடிய கடைகளின் பதிவிலே பெயரைக் கொண்டு கணிப்பொறியிலே தேடக்கூடாது என்று 1990-களிலேயே எழுதிவைத்தார்கள். நல்லது, அந்தப் பூட்டு இருக்கட்டும்! நாம் கேட்பது இரண்டாம் கேள்விக்கு விடை. எண்ணைக் கொண்டு தேட ஏன் வழி வைக்கக்கூடாது? இது இயலாத காரியமா? மைக்ரோபிலிம் காலத்திலே இயன்றிருக்கிறதே! துப்பாக்கியின் எண்ணையும், அது எந்தச் சுருளிலே இருக்கிறது என்ற குறிப்பையும் மட்டும் கணிப்பொறியிலே ஏற்றினார்கள். வாங்கியவர் பெயர் அதிலே இல்லை. 1996-இலே அதே கணக்காய்வு அலுவலகம் அதைப் பார்த்துச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. சுருளிலே குற்றமில்லாதது கணிப்பொறிப் படத்திலே குற்றமாகுமா? கருவி முன்னேறியது, காரியம் பின்னேறியது!

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் அவையிலே கண்ணகி நிற்கிறாள். சிலம்பு முன்னே இருக்கிறது. அரசியின் சிலம்பிலே முத்து. தன் சிலம்பிலே மாணிக்கம் என்கிறாள். உடைத்தால் உண்மை தெரியும். உடைத்தாள், தெரிந்தது. அந்த நேரத்திலே ஓர் அமைச்சர் எழுந்து, “சிலம்பை அவையிலே வைத்திருக்கலாம் அரசே, உள்ளே இருக்கும் பரல் எதுவென்று பார்ப்பது மட்டும் நம் சட்டத்துக்கு விரோதம்” என்று சொல்லியிருந்தால்? கோவலன் கள்வனாகவே செத்திருப்பான். பொற்கொல்லன் பரிசு வாங்கிக்கொண்டு போயிருப்பான்! மார்ட்டின்ஸ்பர்க்கிலே நாள்தோறும் எழுந்து பேசுகிறார் அந்த அமைச்சர்.

இந்தச் சட்டத்தால் பயன் பெறுபவர் யார்? வேட்டைக்காரனா? தன் வீட்டைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயியா? அவர்கள் துப்பாக்கி கொலைக்களத்திலே கிடக்கப் போவதில்லை. அவர்களுக்கு இந்தத் தேடலால் ஒரு தீங்கும் இல்லை. பயன் பெறுபவன், மற்றொருவனுக்காகத் தன் பெயரிலே வாங்கிக் கைமாற்றும் தரகன். பயன் பெறுபவன், கண்ணை மூடிக்கொண்டு விற்றுப் பணம் பார்த்த பிறகு கடையையும் மூடிக்கொண்ட வியாபாரி. நேர்மையானவனின் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலே மறைந்து நிற்பவன் இவன்தான்!

தடம் கண்டுவிட்டால் கொலையே நின்றுவிடும் என்று நான் கூறவில்லை. பதிவேடு காட்டுவது முதலில் வாங்கியவரை மட்டுமே. அவர் பிறருக்கு விற்றிருக்கலாம்; திருட்டுப் போயிருக்கலாம். தனியார் ஒருவர்க்கொருவர் விற்றுக்கொள்வதை எழுதிவைக்க மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் முதல் முடிச்சு அவிழாமல் இரண்டாம் முடிச்சு அவிழுமா? 2018-இலே ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பிட்டபடி, அந்த நாட்டுக் குடிமக்கள் கையிலே 39 கோடி துப்பாக்கிகள். மக்கள் தொகையைவிட அதிகம். 2021-ஆம் ஆண்டிலே மட்டும் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள்; மற்றவற்றிலே மிகப் பெரும்பகுதி கொலைகள். கொலையுண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு. “யார் கையிலிருந்து வந்தது இது?” என்று அந்தத் தாய் கேட்டால், “காகிதம் எங்களிடம் இருக்கிறதம்மா, தேடத்தான் அனுமதியில்லை” என்பதா விடை?

கதை இத்தோடு நிற்கவில்லை. விற்பனைப் படிவங்களை 20 ஆண்டு வைத்திருந்தால் போதும், அதன்பின் கடைக்காரர் அழித்துவிடலாம் என்று நெடுங்காலம் விதி இருந்தது. காகிதத்துக்கு ஆயுள் 20. துப்பாக்கிக்கு ஆயுள் நூறு! 2022 ஆகஸ்டிலே நடைமுறைக்கு வந்த புதிய விதி, கடை நடக்கும் வரை எதையும் அழிக்காதே, மூடும்போது எல்லாவற்றையும் ஒப்படை என்றது. உடனே கூக்குரல்! அதற்கு முன்பே, அவ்வாண்டின் தொடக்கத்திலே, டெக்சாஸ் உறுப்பினர் மைக்கேல் கிளவுட் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். மூடிய கடைகளின் பதிவேடுகள் அத்தனையையும் அழித்துவிடவேண்டும். இனிக் கடையை மூடுபவன் தன் பதிவேட்டைத் தானே அழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்த மன்றத்தின் காலத்திலே அது நிறைவேறவில்லை. ஆனால், எண்ணம் எங்கே போய் முடிகிறது என்பதைக் காட்டிவிட்டது. முதலில், “திரட்டாதே” என்றார்கள். பிறகு, “தேடாதே” என்றார்கள். கடைசியில், “கொளுத்திவிடு” என்கிறார்கள்!

பெரியபுராணத்திலே ஒரு கதை உண்டு. மணப்பந்தலிலே கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, “நீ எனக்கு அடிமை” என்றாராம். சுந்தரர் பாய்ந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்தாராம். கிழவர் சிரித்தார்; மூல ஓலையை ஊர் அவையிலே எடுத்து நீட்டினார். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், ஓலைக்கு அஞ்சுபவனே ஓலையைக் கிழிக்கப் பாய்வான் என்ற நுட்பம் அதிலே இருக்கிறதல்லவா? மார்ட்டின்ஸ்பர்க்கிலே இருப்பது மூல ஓலை. அது கிழிந்தால், நீட்டிக் காட்ட வேறு ஓலை கிடையாது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன?

ஒரு நல்ல சட்டத்தை ஆதிக்கக்காரர்கள் நேரே நின்று எதிர்ப்பது அரிது. நேரே நின்றால் மக்கள் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? சட்டம் நிறைவேறட்டும் என்று விட்டுவிடுவார்கள். மாலை போடுவார்கள், மத்தளம் கொட்டுவார்கள். பிறகு, நிதிநிலை அறிக்கையின் நானூறாவது பக்கத்திலே, எவரும் படிக்காத ஒரு வரியிலே, அதன் கண்ணைப் பிடுங்கிவிடுவார்கள். பணம் ஒதுக்கமாட்டார்கள்; ஆள் கொடுக்கமாட்டார்கள்; கருவி கொடுத்தாலும் அதன் விசையைக் கொடுக்கமாட்டார்கள். ஐந்தாண்டு கழித்து, “பார்த்தீர்களா, இந்தச் சட்டத்தால் ஒரு பயனுமில்லை” என்று அவர்களே வந்து ஒப்பாரி வைப்பார்கள்!

ஆகவே, ஒரு சட்டம் நிறைவேறிய அன்று வெடி வெடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் தொண்டன் பாதி வேலையைத்தான் செய்தவன். மறுநாள் காலை, “இதை நடத்தப் பணம் எவ்வளவு? ஆள் எத்தனை? ஏடு எங்கே? ஏட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கு?” என்று கேட்பவனே முழுத் தொண்டன். ஏழைக்கு எதிரான அநீதிகள் பெரும்பாலும் சட்டத்தின் தலைப்பிலே இல்லை, அடிக்குறிப்பிலே இருக்கின்றன. மேடையிலே நாம் தலைப்பைப் பேசுகிறோம். அவர்கள் அறையிலே அடிக்குறிப்பை எழுதுகிறார்கள்.

அமெரிக்க மக்கள் நம் பகைவரல்லர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அங்கே அணி அணியாகத் திரண்டு நியாயம் கேட்கிறார்கள். அவர்கள் போராட்டம் வெல்லட்டும் என்று வாழ்த்துவோம். அவர்கள் கேட்பது வானத்து நிலவையல்ல; வாங்கி அடுக்கி வைத்திருக்கும் காகிதத்தைப் படிக்கும் உரிமையைத்தான்.

பேரேடு பேசும் தோழரே! கடைக்காரன் போனாலும் பேசும். கடை இடிந்தாலும் பேசும். அதன் வாயைக் கட்டுகிறவன் யார் என்று பாருங்கள். யாருடைய பெயர் வெளியே வருமென்று அவன் அஞ்சுகிறான் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்!